மூன்று புள்ளிகளில் நின்ற கெர்னல்

"ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஒரு மழைக்காலம் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியைத்தான். கெர்னல் என்றால் ஒரு மிஷினை உள்ளிருந்து ஓட்டும் அடிப்படை நிரல். என் கணினிக்கும் ஒரு சின்ன மின்னணுப் பலகைக்கும் நடுவே மூன்று கம்பிகள் கொண்ட கேபிள் ஒன்று தொங்கும். அந்தப் பலகை சொல்வதெல்லாம் அந்தக் கேபிள் வழியாகத்தான் என் திரைக்கு வந்து சேர வேண்டும். அது இந்த வரியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் அதே வரி, அதே மூன்று புள்ளி. அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஏறிய எரிச்சல் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்த எரிச்சலோடு ஒரு மனிதரின் முகமும் சேர்ந்தே வருகிறது. அவரை எல்லோரும் கங்காணி என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலை எஸ்டேட்டின் பதிவில் அவர் வேலைக்கு சூப்பர்வைசர் என்று பெயர். ஆனால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் அந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பழைய சொல்லை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எஸ்டேட் நடுவட்டத்துக்குக் கீழே, கூடலூர்ப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆட்கள் வரிசையில் நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடத்துக்கு, ஒரே ஒரு பாதைதான். அந்தப் பாதை ஓரிடத்தில் சோலையை ஒட்டி வளைகிறது. அந்த வளைவைத்தான் யானைகளும் தங்கள் பாதையாக வைத்திருந்தன. பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது. வாசனைதான் முதலில் வரும் என்பார்கள். நான் அந்த எஸ்டேட்டுக்குப் போவதற்கு முன்பே யாரோ ஒரு நிறுவனத்தார் அங்கே ஒரு சிவப்பு விளக்கை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யானை வந்தால் விளக்கு எரியும் என்று ஏற்பாடு. சில மாதம் எரிந்தது. பிறகு உள்ளே ஏதோ செத்துப்போனது, செத்தது யாருக்கும் தெரியவில்லை. எரியாத விளக்கை நம்பிக் கொழுந்துக் கூடையோடு நடந்த ஒரு பெண், வளைவில் யானையை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள். கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டு தப்பித்தாள். அன்றிலிருந்து அந்த விளக்கை யாரும் நம்புவதில்லை. எரியவில்லை என்றால் யானை இல்லை என்று அர்த்தமா, மிஷின் இல்லை என்று அர்த்தமா? யாரால் சொல்ல முடியும்?

அதனால் கங்காணி நின்றார். விடியும் முன்பே டார்ச்சும், தட்டுவதற்கு ஒரு எண்ணெய்த் தகரமும், சட்டைப் பையில் இரண்டு வெடியுமாக வளைவில் போய் நிற்பார். கடைசிப் பெண் தாண்டிப் போகும்வரை நிற்பார். தினமும். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. அவர் நிற்கத் தொடங்கியதும் வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. எஸ்டேட்டுகளில் பல வேலைகள் இப்படித்தான் ஒருவர் தலையில் வந்து உட்காரும்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் குன்னூரில் ஒரு மாடிப்படிக்கு மேலே இரண்டு அறை. டீ ஃபாக்டரிகளுக்குச் சூடு, ஈரம் பார்க்கும் கருவிகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். புது விளக்கு ஒன்றைச் செய்து தரச் சொல்லி எஸ்டேட் எங்களிடம் வந்தது. திட்டம் நல்ல திட்டம். உடம்புச் சூட்டைப் பார்க்கும் கேமரா ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, கூடவே நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய பச்சை விளக்கு ஒன்று. பச்சை விளக்கு யானையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உள்ளே இருக்கும் மிஷின் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு அழகான வசதி உண்டு. இதயம் அடிப்பதுபோல இரண்டு துடிப்பு, சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு துடிப்பு என்று விளக்கைக் கெர்னலே அடிக்க வைக்கும். கெர்னல் நின்றால் துடிப்பும் நின்றுவிடும். பச்சை துடிக்கிறது, சிவப்பு எரியவில்லை என்றால் தைரியமாக நடக்கலாம். பச்சையே இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். இதைச் சொன்னதும் கங்காணி உடனே புரிந்துகொண்டார். "அப்ப எனக்குப் பதிலா அது நிக்கும். அப்படித்தானே மிஸ்?" என்றார். இலங்கையில் பெண்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம். வந்து இத்தனை வருடமாகியும் அவரிடம் அது மாறவில்லை.

கோளாறு பலகையில் ஆரம்பித்தது. நாங்கள் வழக்கமாக வாங்கும் பலகை அந்த நேரத்தில் எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் முதலாளி எங்கிருந்தோ வேறொரு வகை ப்ராசஸர் வைத்த பலகைகளை வாங்கி வந்துவிட்டார். மேசைக் கணினியில் இருப்பது ஒரு சாதி மூளை, கைபேசியில் இருப்பது இன்னொரு சாதி, இது மூன்றாவது, புதுசு. ஒன்றுக்குப் புரியும் கட்டளை மற்றதற்குப் புரியாது. பலகையோடு வந்த கெர்னலுக்கு எங்கள் கேமரா யார் என்றே தெரியவில்லை, விளக்கையும் தெரியவில்லை. அதனால் கெர்னலின் மூலத்தை எடுத்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, அந்த மூளைக்கென்று நாமே புதிதாகக் கட்ட வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு என் உயிர் போயிற்று.

முதலில் கட்டவே வரவில்லை. பிறகு கட்டியது மெமரி கார்டில் ஏறவில்லை. பிறகு ஏறியது, எழுப்பும் நிரல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு கண்டுபிடித்தது, "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று சொன்னது, அங்கேயே நின்றது. நான் விடவில்லை. அமைப்பை மாற்றினேன், பழைய பதிப்புக்குப் போனேன், புதிய பதிப்புக்கு வந்தேன். பலகையின் எந்தக் காலில், அதாவது எந்தப் பின்னில், என்ன கருவி மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பை வரி வரியாக எழுதிப் பார்த்தேன். மூன்று புள்ளி. பலகை செய்தவர்களின் கையேடு எந்த மொழியிலிருந்தோ பாதி பெயர்த்துவிட்டு மீதியை விட்டுவிட்டதுபோல இருந்தது. இணையத்தில் இதற்கென்று ஒரு குழு உண்டு. அங்கே போய்க் கேட்டால் ஒருவர், "என்னிடம் ஓடுகிறதே" என்று பதில் போட்டார். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. உன்னிடம் ஓடினால் நீயே வந்து நடுவட்டத்தில் நில்லப்பா என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. வாரம் ஒருமுறை பலகையைப் பையில் போட்டுக்கொண்டு குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கூடலூர் பஸ். கேமராவும் விளக்குக் கம்பமும் எஸ்டேட்டில் இருந்தன, அங்கே கம்பத்து மின்சாரத்திலாவது பலகை பேசினால் அப்போதே அவற்றை மாட்டிவிடலாம் என்று போவேன். நடுவட்டத்தில் இறங்கும்போது கங்காணி டீக்கடை வாசலில் பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். அவர் கேட்பது ஒரே கேள்வி. "இன்னிக்காவது பேசிச்சா மிஸ்?" கேபிள் வழியாகப் பலகை பேசும் என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அவமானமாக இருக்கும். அவமானம் எரிச்சலாக மாறும், எரிச்சலில் அவரிடமே சிடுசிடுப்பேன். அவர் டீ சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடப்பார். வளைவில் விளக்குக் கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு, ஈரம், போன வாரம் நான் கட்டிய டேப் உரிந்து கிடக்கும். மூடியைத் திறந்து அவர் குடை பிடிக்க, நான் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு மின்சாரத்தைப் போடுவேன். இரண்டு பேரும் திரையைப் பார்ப்போம். மூன்று புள்ளி. கொஞ்ச நாளில் அவருக்கே அந்த வரியின் உருவம் பழகிவிட்டது. அது வந்ததும் குடையை மடக்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வரவைத்தது.

தன் அக்காவைப் பற்றி அவர் சொன்னது அப்படி ஒரு நாளில்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். வயதான பெண்குரல், மூச்சு வாங்கி வாங்கி வந்தது. "தம்பி, ஒருக்கா வந்துட்டுப் போடா. ஒன்னயப் பாக்கணும் போல இருக்கு." அவ்வளவுதான். கங்காணி சிறுவனாக இருந்தபோது, இரண்டு அரசுகளும் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பிரித்ததில், பெற்றோருக்கு இந்தியா என்று எழுதினார்கள். கல்யாணமான அக்காவுக்கு இலங்கை என்று எழுதினார்கள். இவர்கள் ரயிலேறிக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்கள், அக்கா அங்கே மலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு நேரில் பார்க்கவே இல்லை. வெகு காலம் கடிதம், பிறகு போன், இப்போது கைபேசியில் குரல். இப்போது அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. கங்காணி பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். மகள் ஊட்டி காந்தலில் இருக்கிறாள், அவள் டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். எஸ்டேட் மேனேஜர், அவர் வாயில் துரை, விளக்கு சரியான அன்றைக்கே லீவு என்று சொல்லியிருந்தார்.

விளக்கு சரியாக வேண்டும் என்று ஏன் காத்திருக்கிறீர்கள், லீவு போட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சத்தம் போட்டேன். நிஜமாகவே சத்தம்தான், டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பதில் வேறு யாராவது நிற்கட்டுமே. இரண்டு பேரை ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாராம். ஒருவர் முடியாது என்றுவிட்டார், இன்னொருவர் இரண்டு நாள் நின்றுவிட்டு மூன்றாம் நாள் வரவில்லை. அன்றைக்குத் தகரச் சத்தம் கேட்காததால் பெண்கள் யானை இல்லை என்று நினைத்து இறங்கிவிட்டார்கள்.

"நின்னாலும் நிக்காட்டியும் பொம்பளைங்க எறங்கத்தான் செய்வாங்க மிஸ். கொழுந்து எடுத்தாத்தானே சம்பளம். பச்ச வெளக்கு வரட்டும், போறேன். நீங்க அடுத்த வாரம்னுதானே சொன்னீங்க?"

அடுத்த வாரம் என்று நான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வாரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நம்பித்தான் சொன்னேன். இந்தத் தொழிலில் எல்லாக் கோளாறும் அடுத்த வாரம் சரியாகிவிடும் தூரத்திலேயே இருக்கும். இப்போதும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. இப்படியா ஒரு மனிதர் ஒரு மிஷினை நம்பிக்கொண்டு உட்காருவார்? ஆனால் அவர் நம்பியது மிஷினை இல்லை.

அந்த வாரங்களில் நான் வீட்டிலும் மனுஷியாக இல்லை. சமைக்கும்போது ஒரு யோசனை வரும், அடுப்பை அணைத்துவிட்டுக் கெர்னலைக் கட்டுவேன். கட்டி முடிய வெகுநேரம் பிடிக்கும். முடிந்ததும் கார்டில் ஏற்றிப் போட்டால் மூன்று புள்ளி. எங்கள் முதலாளி கோயமுத்தூர்க்காரர், எதற்கும் பதறாதவர். "ஏனம்மிணி, இன்னும் புள்ளியிலயே நிக்குதா? புள்ளி வெச்சாச்சுல்ல, கோலத்தப் போட்டுட வேண்டியதுதானுங்களே" என்று கிண்டல் செய்வார். நான் சிரிக்கவில்லை. வேறு பலகை வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சினேன். ஆர்டர் போட்டிருக்கிறது, வரும் என்றார். அது வரவேயில்லை.

என்னைத் தவறாக நினைத்துவிடக்கூடாது, நான் முறையாகத்தான் வேலை செய்தேன். புதுப் பலகையில் கெர்னல் ஏற்றும் யாரும் முதலில் அதைப் பேச வைப்பார்கள். பேசினால்தான் எங்கே வலிக்கிறது என்று அது சொல்லும். பேச வைத்த பிறகுதான் நெட்வொர்க், பிறகு கேமரா, கடைசியில் விளக்கு. ஊமையாக இருக்கும் பலகையில் யாரும் விளக்கை மாட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். நானும் மாட்டவில்லை.

மழை குறைந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் நடுவட்டத்தில் இறங்கினேன். கங்காணி டீக்கடை வாசலில் வழக்கம்போல நின்றிருந்தார். பேசிச்சா என்று கேட்கவில்லை. எனக்கும் டீ சொன்னார், தனக்கும் சொன்னார். பாதி குடித்த பிறகு, "அக்கா போயிட்டாங்க மிஸ். நேத்துச் சாயந்தரம்" என்றார். அன்று காலையிலும் அவர் வளைவில் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தார். எண்ணெய்த் தகரம் பெஞ்சுக்கடியில் இருந்தது. பையைத் திறந்து பலகையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன். வந்தது வந்தீர்கள், பெட்டியைப் பார்த்துவிட்டே போங்கள் என்று எனக்கு முன்னால் நடந்தார். அன்றும் மூன்று புள்ளி. அன்றும் குடையை மடக்கினார், வெயிலுக்குப் பிடித்திருந்த குடை.

அதற்கடுத்த நாட்களில் ஒரு நாள், அலுவலகத்தில் நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வேறு ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கிய நெட்வொர்க் கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நினைத்திருக்கிறார். கைக்கு எட்டியது, மின்சாரம் போட்டபடியே கிடந்த என் பலகை. ஒரு முனையை அதில் செருகிவிட்டு, மறுமுனையை ரவுட்டரில் செருகிவிட்டுத் தன் கணினியைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, ரவுட்டர்ல கங்காணின்னு ஒன்னு வந்து நிக்குது. அது யாருங்க?"

பலகைக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். கட்டும்போது ஏதாவது ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும், அவர் பெயர்தான் வாயில் வந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டியலில் எங்கள் கைபேசிகளுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் கங்காணி என்று இருந்தது. என் திரையில் மூன்று புள்ளிகள் அப்படியே இருந்தன. நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. கெர்னல் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேசியும் கொண்டிருந்தது, ஆனால் என் கேபிள் மாட்டியிருந்த கால்களில் இல்லை. பலகையின் இன்னொரு ஓரத்தில், ஒன்றுமே மாட்டாத வேறு இரண்டு கால்களில் பேசிக்கொண்டிருந்தது. எந்த வாசல் வழியாகப் பேச வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் இடத்தில் ஒன்று என்று போடச் சொல்லியிருந்தது கையேடு. பூஜ்யம் என்று போட வேண்டும். அவ்வளவுதான். மாற்றிப் போட்டேன். மூன்று புள்ளிகளுக்குக் கீழே எழுத்துகள் அருவிபோலக் கொட்டின.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் கையேட்டை அச்சடித்து வைத்திருந்த தாள்களை எடுத்துக் கிழித்தேன். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். பழைய கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு நெட்வொர்க்கில் பார்த்தேன். மழை ஆரம்பித்த வாரத்தில் கட்டியதுகூட ஓடியது. அதையெல்லாம் நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு கேமராவும் விளக்கும் இரண்டே பயணத்தில் முடிந்துவிட்டன. பச்சை விளக்கு முதன்முதலில் துடித்தபோது கங்காணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வளைவுக்கு வரவில்லை. மேலே லயத்தின் வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெண்ணிடமும் பச்சையைக் காட்டி அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரம் அப்படிச் செய்தார். யானையும் ஒரு நாள் வந்தது, சிவப்பு எரிந்தது, பெண்கள் திரும்பி லயத்துக்கு ஏறினார்கள். துரை சொன்னபடியே லீவு கொடுத்தார். கங்காணி அக்காவின் காரியத்துக்குப் போனார்.

அங்கிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம். அக்கா வீட்டில் இருக்கிறேன் என்றார். பச்சை அடிக்கிறதா என்று கேட்டார். பெட்டி இப்போது எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது, பார்த்துவிட்டு, அடிக்கிறது என்றேன். பிறகு அவர் அதுவரை கேட்காததைக் கேட்டார். அத்தனை நாள் அதற்கு என்னதான் கோளாறு? எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது, சொல்ல வரவில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது அண்ணா, வேறு வாசலில் பேசியிருக்கிறது, நமக்குக் கேட்கவில்லை என்றேன்.

"அப்ப அம்புட்டு நாளும் உசுரோடதான் இருந்திச்சா?"

"ஆமாங்க."

"அக்காவும் அப்படித்தான் இருந்தாங்க மிஸ்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, கணக்கைச் சரிபார்க்கும் குரல். பிறகு, வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். வந்த பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்று காந்தலில் மகளோடு இருக்கிறார். வளைவில் பச்சை துடித்துக்கொண்டிருக்கிறது. என் மேசையில் இன்று இன்னொரு புதுப் பலகை, இன்னொரு சாதி மூளை, இன்னொரு எஸ்டேட்டுக்கு. காலையிலிருந்து திரையில் அதே வரி, அதே மூன்று புள்ளிகள். இந்த முறை நான் பச்சை விளக்கை முதலிலேயே மாட்டியிருந்தேன். முறையில்லாத வேலை என்று முதலாளி முகம் சுளித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பலகையின் ஓரத்தில் பச்சை இரண்டு முறை துடித்தது, நின்றது, மறுபடி இரண்டு முறை துடித்தது. நான் கேபிளைக் கழற்றி, அது எந்த வாசலில் பேசுகிறது என்று ஒவ்வொரு காலாகத் தேட ஆரம்பித்தேன்.